கையால தொடக்கூடாது

நெரிடா பான்டிக் ரொம்ப நல்லவன்னெல்லாம் நான் எழுத மாட்டேன். பிடிவாதக்காரி. யூனியன் கூட்டத்துக்கு வந்தா பின்வரிசையில உக்காந்துக்குவா. நான் பேசி முடிச்சதும் கையைத் தூக்குவா. "மூணாவது பாயிண்டும் முதல் பாயிண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே, யூனியன்"ம்பா. எனக்கு ஒரு பேர் இருக்கு. அவ கூப்பிட்டதில்லை. கடைசி வரைக்கும் "யூனியன்"தான்.

எங்க தீவுல, லான்செஸ்டன் ஊர்ல டயர் கடைக்கு மேல மாடியில இருந்துச்சு அவ ஆபீஸ். ஏழெட்டு கவுன்சில் சேர்ந்து நடத்தின எச்சரிக்கை ஆபீஸ். மலையில தீ பிடிச்சாலும் ஆத்துல வெள்ளம் வந்தாலும் ஜனங்களுக்குச் சேதி சொல்றது அவங்க வேலை. காட்டோரத்து வீடு ஒவ்வொண்ணுலயும் சமையக்கட்டு அலமாரி மேல ஒரு சின்னப் பொட்டி கொடுத்திருந்தாங்க. ஆபத்துன்னா அது கத்தும். என்ன செய்யணும்னு எழுத்துலயும் காட்டும். அந்தப் பொட்டிகளைக் கத்தவைக்கிற சர்வரும், கூடவே இருந்த மத்த சர்வருங்களும் நெரிடா பொறுப்பு.

அவ வர்றதுக்கு முன்னாடி அங்க ஆளுக்கொரு வைத்தியம். எவனோ ஒருத்தன் உள்ள போய் எதையாவது மாத்துவான், அது ஓடும், அவன் வேலையை விட்டுப் போயிடுவான். என்ன மாத்தினான்னு யாருக்கும் தெரியாது. ஒரு குளிர்காலத்துல வெள்ளம் வந்த அன்னைக்கே பெரிய சர்வர் படுத்துக்கிச்சு. அதைத் திரும்ப எப்படிக் கட்டுறதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. அப்போ புதுசா வந்திருந்த நெரிடாதான் அதை அங்குலம் அங்குலமா எழுப்பினா. எழுப்பி முடிச்சதும் "இனிமே இந்தக் கூத்து கிடையாது"ன்னுட்டா.

அப்பத்தான் அந்தக் கருவியைக் கொண்டுவந்தா. பாக்க ஒண்ணுமே இருக்காது. கருப்பு ஸ்கிரீன், அதுல ஒரு வரி தட்டுவா, அவ்வளவுதான். ஆனா வேலை பெருசு. ஒவ்வொரு சர்வரும் எப்படி இருக்கணும்னு ஒரே இடத்துல எழுதி வெச்சுடணும். அரைமணிக்கு ஒருதரம் ஒவ்வொரு சர்வரும் அதை எடுத்துப் படிக்கும். தன்னைத்தானே பாத்துக்கும். எழுதினதுக்கு மாறா ஏதாவது இருந்தா, எழுதினபடி திருப்பி வெச்சுக்கும். யாரையும் கேக்காது. ஆபீஸ்ல அதுக்குப் போர்மேன்னு பேர் வெச்சுட்டாங்க.

அவ சுவத்துல பெரிய எழுத்துல ஒட்டி வெச்சிருந்தா: கையால தொடக்கூடாது. எது வேணும்னாலும் எழுத்துல மாத்து, சர்வரைத் தொடாதே. எல்லார்கிட்ட இருந்தும் முழு அதிகாரப் பாஸ்வேர்டைப் பிடுங்கினா. தன்னோடதையும் சேத்து. எழுத்தை மாத்தணும்னா ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் பாத்துச் சரின்னு சொல்லணும். எழுதினவனே சரின்னு சொல்ல முடியாது. கூட வேலை செஞ்ச பசங்க அப்பப்ப போர்மேனை நிறுத்தி வெச்சுட்டு, திரும்ப எழுப்ப மறந்துட்டுப் போனாங்க. அதுக்கும் ஒரு காவல் போட்டா. போர்மேன் தூங்கினா எழுப்பிவிடுறதுக்குன்னே தனியா ஒண்ணு.

நான் சிரிச்சேன். "ஏம்மா, என் ஆயுசு பூரா போர்மேனை வீட்டுக்கு அனுப்பத்தான் போராடினேன். நீ அவனுக்குக் காவல் போடுறியே?"

"உங்க போர்மேன் ஆளைப் பாத்துப் பேசுவான், யூனியன். இவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி. எனக்கும் சேத்துத்தான்."

அது நியாயமான பதில்.

இப்போ பூட்டைப் பத்திச் சொல்லணும். கம்ப்யூட்டர்காரங்க வழக்கம் ஒண்ணு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி எழுத்துக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. புது வருஷம் பொறந்து எல்லாரும் லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் ஒரு வரியும் மாறக்கூடாது. ஆள் இல்லாத நேரத்துல எதையும் உடைக்காதேங்கிறதுதான் காரணம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடிச்சவன் பனி பெய்யிற நாட்டுக்காரன். அவனுக்குக் கிறிஸ்மஸ்ல வெளிய ஒண்ணும் நடக்காது, கம்பளிக்குள்ள படுத்துக் கிடப்பான். நமக்கு அப்பத்தான் நடுக்கோடை, காடு எரியும். இதை யாருமே யோசிக்கல. நெரிடாவும் யோசிக்கல. மத்த ஆபீஸ் எல்லாம் எப்படிப் பூட்டுதோ அப்படியே அவளும் பூட்டினா. பூட்டைத் திறக்கிற அதிகாரம் ஒரே ஆளுக்கு. அவளோட மேலாளர் ப்ரென்டன் லெய்ட்லா.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம். வடமேற்குக் காத்து அடுப்பு ஊதுற மாதிரி அடிச்சுது. தீ அபாயம் இருக்கிற நாள்ல நான் அந்த ஆபீஸ்ல போய் போன் எடுப்பேன். ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வேற என்ன வேலை? நான் போனப்ப நெரிடா மட்டும்தான் இருந்தா. பசங்க எல்லாரும் லீவு. மேசையில கிறிஸ்மஸ்ல மிஞ்சின பன்றிக்கறி வெச்ச சாண்ட்விச், ஒரு பை செர்ரி. அவ எதையும் தொடல.

"டவர் போச்சு"ன்னா.

"எந்த டவர்?"

"பிட்டர்ன் க்ரீக் மேல இருக்கிறது. எரிஞ்சுடுச்சு."

பிட்டர்ன் க்ரீக் ஒரு பள்ளத்தாக்கு. வெளிய வர ஒரே ரோடு. அங்க இருக்கிற பொட்டிகளுக்குச் சேதி போக ரெண்டு வழி. ஒண்ணு மலைமேல இருக்கிற டவர், இன்னொண்ணு சாட்டிலைட். பொட்டிக்கு எந்த வழியா வந்தாலும் கேக்கும். ஆனா எந்த வழியில அனுப்பணும்னு சர்வர்லதான் சொல்லணும். எழுத்துல இருந்தது டவர்.

"சாட்டிலைட்டுக்கு மாத்திடேன்."

"மாத்திட்டேன். டூட்டியில இருக்கிற ஆளுக்கு அந்த ஒரு அதிகாரம் மட்டும் கொடுத்திருக்கு. அவசரத்துக்கு வழியை மாத்திக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"போர்மேன் வந்து திருப்பி வெச்சுட்டான்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. மாத்தினவன் மறந்துட்டுப் போயிடுவான், அதனால போர்மேனே பழைய வழிக்குக் கொண்டுவந்துடட்டும்னு அவதான் எழுதி வெச்சிருக்கா. நல்ல எண்ணத்துலதான்.

"சரி, அரைமணிக்கு ஒருதரம்தானே வருவான்? அவன் வந்துட்டுப் போனதும் மாத்து."

"சரியா அரைமணிக்கு வரமாட்டான். எல்லா சர்வரும் ஒரே நேரத்துல போய் நின்னா நெரிசல் ஆகும்னு கொஞ்சம் முன்ன பின்ன வர வெச்சிருக்கேன். எப்ப வருவான்னு எனக்கே தெரியாது."

"நிறுத்திடு அவனை."

"அதிகாரம் இல்லை. இருந்தாலும் காவல் எழுப்பிடும்." பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னா. "வேற ஏதாவது யோசனை இருக்கா, யூனியன்? எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டேன். ரொம்ப நல்லா அடைச்சிருக்கேன்."

இதுல ஒரு விஷம் இருந்துச்சு. டவர் எரிஞ்சுபோனாலும், டவர் வழியா அனுப்பின சேதிக்கு ஸ்கிரீன்ல பச்சை டிக் விழும். டவருக்கு முன்னாடி நகரத்துல ஒரு இயந்திரம் இருக்கு. அது சேதியை வாங்கிக்கிட்டு "வந்துடுச்சு"ன்னு சொல்லிடும். அதுக்கப்புறம் சேதி எங்க போச்சுன்னு அதுக்குக் கவலை இல்லை.

ப்ரென்டனுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தோம். அவன் ஃப்ளிண்டர்ஸ் தீவுப் பக்கம் தம்பி படகுல மீன் பிடிக்கப் போயிருந்தான். போன் அடிக்கவே இல்லை. கருவிக்கு உதவி செய்ற கம்பெனி கடலுக்கு அந்தப்பக்கம் மெயின்லேண்ட்ல இருக்கு. அங்க ஒரு பொண்ணு எடுத்தா.

"மேடம், உங்க கணக்குல பூட்டு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. நான்தான் போட்டேன். திறந்துவிடுங்க."

"திறக்கிறதுக்கு மிஸ்டர் லெய்ட்லாவோட அனுமதி வேணும்னு எழுதியிருக்குங்க."

"அதையும் நான்தான் எழுதினேன்."

"அப்படின்னா உங்களுக்கே தெரியுமே மேடம், ஏன் முடியாதுன்னு."

அந்தப் பொண்ணைத் திட்டி என்ன பண்றது? கூலிக்கு வேலை செய்றவ. நெரிடா திட்டல. "உங்களுக்கு மேல யாராவது இருந்தா கூப்பிடச் சொல்லும்மா"ன்னுட்டு வெச்சுட்டா.

அப்புறம் வேலை இப்படி ஓடிச்சு. அவ வழியை சாட்டிலைட்டுக்கு மாத்துவா. நான் பக்கத்து ஸ்கிரீன்ல ஓடுற வரிகளையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். போர்மேன் வந்தா அதுல வரி வரியா விழும். "வந்துட்டான்!"னு கத்துவேன். அவ கெட்ட வார்த்தை சொல்லிக்கிட்டே திரும்ப மாத்துவா. சில தடவை அவ கையை எடுக்கிறதுக்குள்ளயே வந்து திருப்பிட்டுப் போவான். சில தடவை வரவே மாட்டான், நாங்க ரெண்டு பேரும் மூச்சுப் பிடிச்சு உக்காந்திருப்போம். சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சு. ஜன்னலைத் திறந்தா புகை, மூடினா வேக்காடு.

"இப்பவே எல்லாரையும் வெளிய வரச் சொல்லிடேன்"னேன்.

"எந்தப் பக்கம் வரச் சொல்றது? தீ இப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. ரோட்டுக்கு வந்தா மாட்டிக்குவாங்க. காத்து திரும்பினா ரோடு கிடைக்கும், ஆனா மேல் ரோட்டு வீடுங்க பக்கம் தீ பாயும். அப்ப எல்லாரும் கீழ கிரிக்கெட் மைதானத்துக்கு வரணும். டார்சி சொல்ற நேரத்துக்குத்தான் அனுப்பணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது."

டார்சி பிட்டர்ன் க்ரீக் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன். பால் பண்ணைக்காரன். அங்க மைதானத்தை ஒட்டின தீயணைப்பு நிலையத்துல பழைய கம்பி போன் ஒண்ணு இன்னும் உயிரோட இருந்துச்சு. அதுலதான் பேசினான்.

ஒரு தடவை நெரிடா எழுந்து நின்னு தலையில கை வெச்சுக்கிட்டா. "ஒரு வழி இருக்கு. அசிங்கமான வழி."

"சொல்லு."

"வேண்டாம். இருக்கிற சேதி ஓட்டமும் நின்னுபோனா? ப்ரென்டன் கூப்பிடுவான். படகு கரைக்கு வரும்ல, சாப்பிடவாவது வருவாங்கல்ல?"

உக்காந்துட்டா.

காத்து திரும்பும்னு வானிலைக்காரன் சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே திரும்பிச்சு. ரெண்டு போனும் ஒரே சமயத்துல அடிச்சுது. "அதை எடுங்க யூனியன்!"னா. எடுத்தேன். டார்சி கத்தினான்.

"திரும்பிடுச்சு! தெற்கத்திக் காத்து வந்துடுச்சு! அனுப்பச் சொல்லு, மைதானத்துக்கு, எல்லாரும்! நான் வண்டிக்கு ஓடுறேன்!"

நான் அவகிட்ட கத்தினேன். அவ ஏற்கெனவே சேதியை எழுதி வெச்சிருந்தா. வழி சாட்டிலைட்ல இருக்கான்னு பாத்தா. இருந்துச்சு. பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தா, "நிச்சயமா?"ன்னு கேட்டதுக்கு ஆமான்னு அழுத்தினா. பச்சை டிக் விழுந்துச்சு. ரெண்டு பேரும் நாற்காலியில சாஞ்சோம். அவ ஒரு செர்ரியை எடுத்து வாயில போட்டா. அன்னைக்கு அவ சாப்பிட்டது அது ஒண்ணுதான்.

இன்னொரு போன்ல ஒரு பெரியவர் தன் மாட்டைப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தாரு. அவருக்குப் பதில் சொன்னேன். அதுக்கப்புறம் இன்னொருத்தர். மறுபடியும் நிலையத்துல இருந்து போன் வந்துச்சு.

"நெரிடா எங்க?" டார்சி குரல் உடைஞ்சிருந்துச்சு. "சேதி எங்கய்யா? வண்டியில இருக்கிற பொட்டி கத்தவே இல்லை. மைதானத்துல ஒரு ஆள் இல்லை!"

அவ ஸ்கிரீனைப் பாத்தா. வழி டவர்ல இருந்துச்சு. அவ ஆமான்னு அழுத்தின நேரத்துக்கும் சேதி கிளம்பின நேரத்துக்கும் நடுவுல போர்மேன் வந்து தன் வேலையைச் செஞ்சுட்டுப் போயிருக்கான். டிக் மட்டும் பச்சையா இருந்துச்சு.

அவ அழல, கத்தல. வழியை மாத்தினா, சேதியை அனுப்பினா. அதோட நிக்கல. வேகவேகமா எதையோ தட்ட ஆரம்பிச்சா.

"என்ன பண்றே?"

"குப்பை கொட்டுறேன்."

அந்த சர்வர்ல அவளுக்குன்னு கொஞ்சம் இடம் இருந்துச்சு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஊழியர் எல்லாரையும் உக்காரவெச்சுக் காட்டின பணியிடப் பாதுகாப்பு வீடியோ அங்க கிடந்துச்சு. அதை நகல் எடுத்தா. நகலுக்கு நகல். நகலோட நகலுக்கு நகல். சர்வர்ல எழுத ஒரு துளி இடம் இல்லாம நிரப்பினா. அவங்க தொழில்ல இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. எந்த சர்வரும் இப்படி நிரம்பக்கூடாதுன்னுதான் அவங்க வாழ்நாள் பூராப் பாடுபடுறாங்க. சேதி வரிசைக்குன்னு தனி இடம் ஒதுக்கியிருந்தா. அது தாங்கும்னு நம்பினா. நிச்சயமில்லை.

போர்மேன் வந்தான். வழியைத் திருப்பி எழுதப் பாத்தான். எழுத இடமில்லை. ஸ்கிரீன் பூராச் சிவப்பா கத்திட்டுப் போனான். வழி சாட்டிலைட்லயே நின்னுச்சு.

போன்ல டார்சி பின்னாடி பொட்டி கத்துற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னான். கார் சத்தம் கேட்டுச்சு, நாய் சத்தம், கொழந்தைங்க அழுகை. ஜனங்க மைதானத்துக்கு வந்துக்கிட்டிருந்தாங்க. நெரிடா ரெண்டு கையையும் மேசைமேல வெச்சு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா.

"மேல் ரோட்டுக்காரங்க?"ன்னு கேட்டா.

"மார்னி ஓட்ஸ் வந்துட்டா"ன்னான் டார்சி. "தனியா ஓட்டிக்கிட்டு வந்தா. கெல்வின் வரல."

கெல்வின் ஓட்ஸ், மார்னியோட புருஷன். வீட்டுமேல தண்ணி அடிக்கக் குளத்துப் பக்கம் பம்பு போடப் போயிருந்தான். மறுநாள் அவன் உடம்பை அங்கதான் கண்டெடுத்தாங்க.

ப்ரென்டன் கரைக்கு வந்ததும் அலறியடிச்சுக்கிட்டு ஓடிவந்தான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அறிக்கை எழுதினப்ப அவன்தான் சொன்னான்: "முதல் சேதி காத்து திரும்பின உடனே போயிருக்கு. டிக் இருக்கே நெரிடா. ரெண்டாவது சேதி சும்மா ஒரு நினைவூட்டல். அப்படியே இருக்கட்டும். யாருக்கும் கெடுதல் இல்லை." கவுன்சில்காரங்களுக்கும் அதுதான் வசதி. சர்வரை நிரப்பினதுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோட முடிச்சுடலாம்னு இருந்தாங்க.

கவுன்சில் விசாரணைக்கு நான் அவளுக்காக வாதாடத் தயாரா போயிருந்தேன். பூட்டு வழக்கத்தைக் கிழிச்சுத் தொங்கவிடணும்னு துண்டறிக்கை மாதிரி எழுதி வெச்சிருந்தேன். அவ எழுந்து நின்னா.

"டிக் பொய். முதல் சேதி போகவே இல்லை. எழுத்து என்னோடது, காவல் என்னோடது, பூட்டு என்னோடது."

"ஏம்மா, பூட்டு ஊர் வழக்கம். உன் தலையில ஏன் போட்டுக்கிறே?"ன்னேன்.

"நீங்க உக்காருங்க, யூனியன்."

உக்காந்தேன்.

அறிக்கையை மாத்தினாங்க. அவளை யாரும் வேலையை விட்டுத் தூக்கல. அதுதான் அவளை உள்ளுக்குள்ள கொன்னுச்சு. வருவா, உக்காருவா, ஸ்கிரீனைத் திறக்க மாட்டா. எழுத்துல ஒரு வரி மாத்தினா: டூட்டியில இருக்கிற ஆள் போர்மேனை நிறுத்தி உக்காரவெக்கலாம், யார் அனுமதியும் வேண்டாம். ப்ரென்டன் சரின்னு சொன்னான். இத்தனை நாளும் இந்த ஒரே ஒரு வரிதான் குறையா இருந்துச்சுன்னு அவனே சொன்னான், பாவம், அவ காதுல விழுற மாதிரி.

இலையுதிர் காலத்துல ஒரு நாள் என் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினா. "பிட்டர்ன் க்ரீக்குப் போறேன். கூட வாங்க. பேசாம வாங்க."

வழி பூரா கருப்பு மரம். அடிமரத்துல மட்டும் பச்சை மயிர் மாதிரி துளிர் விட்டிருந்துச்சு. மார்னி ஓட்ஸ் கவுன்சில் கொடுத்த தகர ஷெட்டுல இருந்தா. அவளுக்கு நெரிடாவை யாருன்னு தெரியல. நெரிடா செருப்பைக் கூடக் கழட்டல. வாசல்ல நின்னபடியே சொன்னா. அறிக்கை பத்தி ஒண்ணும் சொல்லல. முதல் தடவை சேதி போகலைன்னு சொன்னா. ஏன் போகலைன்னு சொன்னா. அசிங்கமான வழி காலையிலயே தனக்குத் தெரியும், செய்ய மனசு வரலைன்னு சொன்னா.

மார்னி ஒரு கைல பாத்திரம் துடைக்கிற துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"அப்போ பொட்டி கத்தலையா?"

"இல்லை. முதல்ல கத்தல."

"நிஜமாவா?"

"நிஜமா."

"முதல் சேதி நேரத்தோட போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே. மாத்தினதை நான் பாக்கல." துணியை ரெண்டு கையாலயும் முறுக்கினா. "நான் உள்ளதான் இருந்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு. பேப்பரைப் பாத்துட்டு, பொட்டி கத்தியிருக்கு, எனக்குத்தான் கேக்கலைன்னு நெனச்சேன். 'பொட்டி இன்னும் கத்தல, நேரம் இருக்கு, போய் பம்பைப் பாரு'ன்னு கெல்வின்கிட்ட நான்தான் சொன்னேன். நான்தான் அனுப்பினேன். இந்த மூணு மாசமா ராவும் பகலும், ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தா கேட்டிருக்குமேன்னு..."



 மார்னி நெரிடாவை அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன்.

"உள்ள வா"ன்னா மார்னி. "உக்காந்து முதல்ல இருந்து திரும்பச் சொல்லு. கத்தலைங்கிற இடத்தை மெதுவாச் சொல்லு."